மார்கழியில் பனி வரவில்லை, ரோஜா இலை மட்டும் கொட்டுகிறது

கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். வீட்டு வாசலில் மாமியார் காலத்திலிருந்து இருக்கும் பன்னீர் ரோஜா 6, இரண்டு வருஷத்துக்கு முன் நர்சரியில் வாங்கி வைத்த ஒட்டு ரோஜா 5 (மஞ்சள் 3, சிவப்பு 2), மொட்டை மாடியில் பைகளில் 3. ஆக 14 செடி. தீபாவளிக்குப் பிடித்த மழை கார்த்திகை முழுக்க விடவில்லை. மார்கழி பிறந்தும் பனி இறங்கவில்லை. ராத்திரி ஃபேன் போட்டுத்தான் தூங்குகிறார்களாம், இரண்டு நாளைக்கு ஒரு தூறல் வேறு. இலைகளில் கறுப்புப் புள்ளி விழுந்து, மஞ்சளாகி, கொட்டிக்கொண்டே இருக்கிறது. முதலில் மொட்டையானது மஞ்சள் ரோஜா மூன்றும். சத்துக் குறைவு என்று நினைத்து யூரியா, டி.ஏ.பி., எப்சம் உப்பு எல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறார். அரிசி களைந்த தண்ணீர் தினமும் உண்டு. கடையில் கொடுத்த பூஞ்சாண மருந்தை ஐந்து வாரமாக, வாரம் தவறாமல், பொழுது சாய அடித்து வந்திருக்கிறார்.

மாமியார் மார்கழியில் செடியை வெட்டக் கூடாது என்கிறார். குன்னூரில் இருக்கும் நாத்தனார் தை பிறந்ததும் வெட்டச் சொல்கிறார். போனில் பார்த்த வீடியோ ஒன்று, ஓரடி விட்டு மொட்டையடித்துவிடச் சொல்கிறது. நர்சரிக்காரர், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக வையுங்கள் என்கிறார். பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயிலில் நடக்கும் குண்டத்துக்கு (தீமிதித் திருவிழா) வீட்டுப் பூவில் மாலை கட்டிக்கொண்டு போவது அந்த வீட்டு வழக்கம், இந்த வருஷம் அது நடக்குமா என்பதுதான் கடிதத்தின் அடியில் இருக்கும் கவலை. கடைசியாக, பேத்திக்குக் குல்கந்து செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி, மாலைக்குப் பூ கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இப்போதைக்கு நீங்கள் செடிக்குச் செய்துகொண்டிருப்பதில் பாதியை நிறுத்த வேண்டும். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கவனிப்புக்குக் குறைவே இல்லை. அந்தக் கவனிப்பில் பெரும்பகுதி தண்ணீராகவும் உரமாகவும், ஏற்கெனவே ஊறிப்போன மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது, அதுதான் சிக்கல்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் இது கரும்புள்ளி நோய். புள்ளியின் ஓரம் வட்டமாக வெட்டியதுபோல் இல்லாமல் பஞ்சு பிரிந்ததுபோல் இருக்கும், அதைச் சுற்றி மஞ்சள் பரவும், அடியிலைகளில் தொடங்கி மேலே ஏறும். இந்தப் பூஞ்சாணத்தின் வித்து முளைக்க இலைமேல் தண்ணீர் நிற்க வேண்டும். ஏறக்குறைய ஏழு மணி நேரம் இலை ஈரமாகவே இருந்தால் போதும், உள்ளே இறங்கிவிடும். இறங்கிய பிறகு புள்ளி தெரியச் சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். ஆக, இன்று நீங்கள் பார்க்கும் புள்ளி போன மழையில் பிடித்தது.

நம் பக்கத்தில் ஆடியிலும்தான் தூறல் விழுகிறது, அப்போது ஏன் இத்தனை புள்ளி வருவதில்லை? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இலையைச் சீக்கிரமே உலர்த்திவிடுகிறது. கார்த்திகை, மார்கழியில் அந்தக் காற்று கிடையாது. சாயங்காலம் நனைந்த இலை மறுநாள் ஒன்பது மணி வரைக்கும் ஈரமாகவே இருக்கும். வழக்கமான மார்கழியில் மழையாவது விட்டிருக்கும். இந்த வருஷம் மழையும் விடவில்லை, குளிரும் வரவில்லை. ரோஜாவுக்குப் பிடித்த இதமான ஈரம் இந்தப் பூஞ்சாணத்துக்கும் பிடிக்கும்.

அடுத்தது சத்துக் குறைவு என்ற எண்ணம். தடப்பள்ளி வாய்க்காலுக்கு ரொம்பப் பக்கத்தில் வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். பாசனத் தண்ணீர் ஓடும் காலத்தில் கசிவு நீர் எவ்வளவு மேலே வரும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அதோடு மூன்று மாத மழை. செடியிலிருந்து இரண்டடி தள்ளி ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டிப் பாருங்கள். அரைநாளில் அதில் தண்ணீர் ஊறி நின்றால், வேர் காற்றில்லாமல் தவிக்கிறது என்று அர்த்தம். வேர் சத்தை இழுப்பதற்கும் காற்று வேண்டும். மண்ணில் எத்தனை யூரியா கிடந்தாலும் அதனால் எடுக்க முடியாது. எடுத்துக்கொள்ளும் கொஞ்சநஞ்சமும் கொழுத்த, பிஞ்சுத் தளிராகக் கிளம்பும், அதன் இளம் இலையில்தான் நோய் சுலபமாகத் தொற்றும். எனவே யூரியா, டி.ஏ.பி., எப்சம் உப்பு மூன்றையும் இன்றோடு நிறுத்துங்கள். அரிசி களைந்த தண்ணீரை மாட்டுக்கு ஊற்றுங்கள். மழையோடு மழையாக அதையும் ரோஜாவுக்கு ஊற்றினால் அது எங்கே போகும்?

வாய்க்காலோடு வழக்குப் போட முடியாது, மண்ணைத்தான் உயர்த்த வேண்டும். வாசல் செடிகளைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்குச் சிறு வடிகால் எடுத்து, தாழ்வான பக்கம் தள்ளிவிடுங்கள். செடியைச் சுற்றிப் பாத்தி கட்டியிருந்தால் கரையை ஒரு பக்கம் உடைத்துவிடுங்கள். கோடைக்காகப் போட்ட தேங்காய் மட்டை, நார்க்கழிவு எல்லாவற்றையும் தண்டிலிருந்து ஓரடி ஒதுக்கி வையுங்கள். மாடியில் உள்ள பைகளுக்கு வேலை சுலபம்: அடித்துளை அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்த்து, ஒவ்வொரு பையையும் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

கொட்டிய இலைகளை அப்படியே விடாதீர்கள். நோய் அடுத்த மழைக்குக் காத்திருக்கும் இடமே அந்தச் சருகுதான், மழைத்துளி விழுந்து தெறிக்கும்போது அங்கிருந்துதான் மேலே ஏறும். சீமாறு போட்டுக் கூட்டி, தூரத்தில் குழி தோண்டிப் புதையுங்கள். குப்பைக்குழியில் போட்டால் எருவாக மறுபடி செடிக்கே வந்துவிடும் என்பதால் அது வேண்டாம். செடியில் தொங்கும் புள்ளி இலைகளையும் பறிக்க வேண்டியதுதான், ஆனால் மழை இல்லாத நாளில், இலை காய்ந்திருக்கும்போது. சிவப்பு ரோஜாவில் மொட்டு விரியாமல் வெளி இதழ் பழுப்பாக ஒட்டிக்கொண்டு அழுகுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் ஈரத்தின் வேலைதான். அந்த மொட்டுகளைக் காம்போடு கிள்ளி அப்புறப்படுத்துங்கள்.

மஞ்சள் ரோஜாவும் திருஷ்டியும்

மஞ்சள் மூன்றும் முதலில் மொட்டையானதற்கு, யாரோ வந்து பார்த்துவிட்டுப் போன திருஷ்டி என்று அத்தை சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பூசணிக்காய் சுற்றிப் போடுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் இந்தப் பலவீனம் மஞ்சள் ரோஜாவின் பரம்பரையிலேயே இருக்கிறது. இன்று நாம் பார்க்கும் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு ரோஜாக்களின் நிறம், பாரசீக மஞ்சள் என்ற பழைய ரோஜாவிலிருந்து வந்தது. பிரான்சில் லியோன் நகரத்து பெர்னே துஷே என்பவர் அதைத் தோட்ட ரோஜாவோடு கலந்து, 1900இல் ‘சொலெய் தோர்’ என்ற ரகத்தை வெளியிட்டார். அந்த வழியில் நிறத்தோடு சேர்ந்து கரும்புள்ளிக்குச் சட்டென்று ஆளாகும் குணமும் வந்துவிட்டது. நூறு வருஷத்துக்கும் மேலாக ஒட்டிக்கொண்டிருக்கும் குணம், உங்கள் வாசலில் மட்டும் மாறிவிடாது. மஞ்சள் ரோஜா வேண்டுமென்றால், காலை வெயில் நேராகப் படும், சுவர் மறைக்காத இடத்தில் வையுங்கள்.

வெட்டுவது எப்போது

இங்கேதான் உங்களுக்குக் குழப்பம் அதிகம், ஏனென்றால் யோசனை சொன்ன மூன்று பேரும் மூன்று விதமான குளிரை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். உங்கள் நாத்தனார் இருப்பது மலையில். குன்னூர் 1,800 மீட்டருக்கும் மேல் இருக்கிறது, மார்கழியில் உறைபனி விழக்கூடும். அங்கே முன்கூட்டி வெட்டினால் தளிர் பனியில் கருகிவிடும், அதனால் தை வரை காத்திருக்கிறார்கள். வீடியோக்காரர் சொல்லும் ஓரடி மொட்டை, குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு உறங்கும் செடிக்கு உரியது. நம் சமவெளியில் ரோஜா உறங்குவதே இல்லை. சாதாரண வருஷத்தில் மார்கழி இரவு 18, 19 டிகிரி, அது ரோஜாவுக்குக் குளிரே அல்ல. அதனால்தான் நமக்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கவாத்து என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். நானும் முப்பது வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் இந்த வருஷத்துக்கு அத்தை சொல்வதுதான் சரி, காரணம் வேறாக இருந்தாலும். வெட்டிய நுனி ஒவ்வொன்றும் ஒரு திறந்த காயம். அது காய்வதற்குள் மழை பட்டால் நுனிக்கருகல் நோய் இறங்கும். நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே கீழே வந்து, ஒட்டுக்கட்டை, அதாவது ஒட்டுச் சேர்த்த இடத்து முடிச்சைத் தொட்டால் செடி போய்விடும். ஆகவே தேதியைப் பார்க்காதீர்கள், வானத்தைப் பாருங்கள். நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்து, மண்ணின் மேல்பரப்பு வெளுத்த பிறகு கத்திரியை எடுங்கள். அதுவரை, முழுக்கக் காய்ந்து கறுத்த குச்சிகளை மட்டும் நீக்கினால் போதும்.

எவ்வளவு வெட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். நல்ல நிலையில் உள்ள செடிக்குப் போன பருவத்துக் கிளையைப் பாதியாக வெட்டுவது முறை. உங்கள் செடிகளில் இலை கொஞ்சம்தான் மிச்சம். இலை இல்லாத செடி அடுத்த தளிரை விடுவதற்கு, தண்டில் சேர்த்து வைத்ததைத்தான் செலவழிக்க வேண்டும். அந்தத் தண்டையும் ஓரடி விட்டு வெட்டி எறிந்தால் கையிருப்பையும் சேர்த்து எறிந்ததாகிவிடும். ஒட்டு ரோஜாக்களில் மூன்றில் ஒரு பங்கு, பன்னீர் ரோஜாவில் அதற்கும் குறைவாக, நோய்ப்பட்டது, குறுக்கே உரசுவது, பென்சில் கனம்கூட இல்லாதது, இவ்வளவே. வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுங்கள். வெட்டிய இடத்தின் நடுத்தண்டு வெளுப்பாக இருந்தால் நல்லது. பழுப்பாக இருந்தால் வெளுப்புத் தெரியும் வரை இன்னும் கீழே போங்கள். ஒரு செடி முடித்து அடுத்ததற்குப் போகும்போது கத்திரியை ஸ்பிரிட்டால் துடைக்க மறக்காதீர்கள்.

வெட்டிய நுனியில் சாணி வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். வெயில் காலத்தில் அது காய்ந்து மூடிபோல் ஆகிவிடும். ஈரக் காலத்தில் காயாமல் சொதசொதவென்று இருந்து காயத்தை நனைத்துக்கொண்டே இருக்கும், நான் பார்த்திருக்கிறேன். போர்டோ பசை செய்துகொள்ளுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, பிறகு ஒன்றாக ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளியோ மண்சட்டியோதான், இரும்பு, அலுமினியப் பாத்திரம் ஆகாது. ஒரு பழைய இரும்புக் கத்தியை அதில் நனைத்துப் பாருங்கள், செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே தடவிவிட வேண்டும். பழைய கையேடுகளில் இதோடு கார்பரில் என்ற பூச்சிமருந்துப் பொடி கலக்கச் சொல்லியிருக்கும். நானே வகுப்பெடுத்துச் சொல்லியிருக்கிறேன். 2018 ஆகஸ்டிலிருந்து அதன் பயன்பாடு இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. யாராவது பழைய டப்பாவை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள்.

சரி, குண்டம். வெட்டியதிலிருந்து நம் சமவெளியில் பூ வர ஆறேழு வாரம் ஆகும். தை இரண்டாம் வாரத்தில் வானம் வெளுத்தால் பங்குனிப் பிறப்பை ஒட்டிப் பூ எடுக்கலாம். தை கடைசி வரை தள்ளிப்போனாலும் குண்டத்துக்குள் பன்னீர் ரோஜாவிலிருந்து மாலைக்குத் தேறும். ஒட்டு ரோஜாக்களை இந்த வருஷம் கணக்கில் சேர்க்க வேண்டாம். வெட்டி பத்துப் பதினைந்து நாளில் கணுக்கள் சிவந்து தளிர்க்கும். அப்போது செடிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் வைக்கலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.

மருந்து

ஐந்து வாரமாக ஒரே மருந்து. டப்பாவில் கார்பென்டாசிம் என்று இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மருந்து தப்பில்லை, அடித்த விதம்தான் பலன் தரவில்லை. விழுந்த புள்ளியை எந்த மருந்தாலும் அழிக்க முடியாது, அது இனிமேல் வரும் தளிரைக் காப்பாற்றத்தான். நீங்கள் அடித்தபோது செடியில் தளிரே இல்லை. பொழுது சாய அடித்ததால் இலைக்கு இன்னொரு இரவு ஈரமும் சேர்ந்தது. ஒரே மருந்தை வாரா வாரம் அடித்தால் பூஞ்சாணம் அதற்குப் பழகிக்கொள்ளும் என்பது இன்னொரு ஆபத்து.

கவாத்துக்குப் பிறகு தளிர் விரல் நீளம் வரும்போது தொடங்குங்கள். லிட்டருக்கு கார்பென்டாசிம் 1 கிராம் ஒரு முறை, 15 நாள் கழித்து மேன்கோசெப் 2 கிராம், இப்படி மாற்றி மாற்றி. காலையில், பனி உலர்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடியுங்கள். “டீஸ்பூன் ரெண்டு” என்று அளக்காதீர்கள், நகைக்கடைத் தராசுபோல் சின்னதாக ஒன்று இப்போது மலிவாகக் கிடைக்கிறது. கையுறையும் முகக்கவசமும் அவசியம்.

மழை விட்டதும் இன்னொன்று வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். தளிரின் மேல் மாவு தூவியதுபோல் வெளுத்து, இலை சுருளும். அது சாம்பல் நோய், கரும்புள்ளிக்கு நேர் எதிர்க் குணம். மழைத்தண்ணீர் அதற்கு ஆகாது, காய்ந்த பகலும் ஈரக்காற்று இரவும்தான் அதற்கு வாகு. தை, மாசி நம் பக்கத்தில் அப்படித்தானே இருக்கும். பார்த்தவுடன் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விட வேண்டும், வெயில் கொளுத்தும் நாளில் கந்தகம் கூடாது. இரண்டிலும் இலை கருகும்.

எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாமா

வேண்டாம். மொட்டையாக நிற்பதும் செத்துப்போவதும் வேறு வேறு. ஒவ்வொரு செடியிலும் தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, தை முழுக்கப் பொறுங்கள். அடித்தண்டு ஒட்டுக்கட்டு வரை கறுத்து, மண்ணைக் கிளறினால் வேர் சாக்கடை வாசம் அடித்தால் மட்டும் பிடுங்குங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், மஞ்சளில் ஒன்றிரண்டு போகலாம். பன்னீர் ரோஜாவில் ஒன்றுகூடப் போகாது என்றுதான் நினைக்கிறேன், அத்தை வைத்த செடிகளை நர்சரிக்காரர் பேச்சைக் கேட்டுத் தோண்டிவிடாதீர்கள். பிடுங்கிய குழியிலேயே புது ரோஜாவை வைத்தால் பெரும்பாலும் எழும்பாது. ஒன்றரை அடிக் குழி எடுத்து அந்த மண்ணை வெளியேற்றி, வேறு மண்ணும் எருவும் போட்டு, தரையிலிருந்து முக்கால் அடி உயர்ந்த மேட்டில் வையுங்கள்.

உங்களுக்குச் சந்தோஷம் தந்த ஒரே செய்தியில் நான் கை வைக்க வேண்டியிருக்கிறது. சிவப்பு ரோஜா ஒன்றில், “இத்தனை நோவிலும் அது ஒன்றுதான் ஜம்மென்று அஞ்சடி போத்து விட்டிருக்கு, பூ மட்டும் வரலை” என்று எழுதியிருக்கிறீர்கள். அது நீங்கள் வாங்கிய ரோஜாவாக இருக்காது. ஒட்டுக் கட்டப் பயன்படுத்திய காட்டு வேர்ச்செடி, மேலே உள்ளது நலிந்ததும் தன் போத்தைக் கிளப்பிவிட்டிருக்கிறது. ஏழு இலை இருந்தால் காட்டுச்செடி, ஐந்து இருந்தால் நல்ல செடி என்று ஊரில் ஒரு கணக்குச் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள், நல்ல ரோஜாவிலும் ஏழு வரும். மண்ணை விலக்கி, போத்து எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டுக்கட்டின் முடிச்சுக்குக் கீழே என்றால், வெட்டாமல், பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். வெட்டினால் அடிக்கணுவிலிருந்து நாலாக வரும். முடிச்சுக்கு மேலே என்றால் நான் சொன்னது தப்பு, அது உங்கள் செடிதான், அப்படியே விடுங்கள்.

குல்கந்து விஷயம். இந்தச் செடிகளுக்கு ஐந்து வாரம் மருந்து ஏறியிருக்கிறது, இனியும் அடிக்கப்போகிறீர்கள். மாலைக்கும் தலைக்கும் என்றால் பூ எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பு மருந்தை நிறுத்தினால் போதும். வாயில் வைப்பது என்றால் கதை வேறு. பன்னீர் ரோஜாவில் ஒரே ஒரு செடியைப் பேத்திக்கு என்று ஒதுக்கி, அதற்கு மட்டும் மருந்தே காட்டாமல், புள்ளி இலையைக் கையால் பறித்தே சமாளியுங்கள். அடுத்த கார்த்திகைக்கு முன்னால் வரும் பூவில் அத்தை குல்கந்து செய்யட்டும். இந்த வருஷம் வேண்டாம்.